ஏழாவது ஆட்டத்தில் கறுப்பு யானை

பொம்மிடி
4.8.1988

முனிராஜுக்கு,

என்னுடைய நாற்பத்தொரு ஆட்டங்களை நீங்கள் திருடியிருக்கிறீர்கள்.

திருடவில்லை, விற்கவில்லை, சும்மாதான் கொடுத்தோம் என்று எழுதுவீர்கள். அதுவும் தெரியும். உங்கள் கம்பெனி அச்சடித்த புத்தகத்தின் அட்டையிலேயே இருக்கிறது: 'சதுரங்க புரோகிராம் வாங்குவோருக்கு மாதிரி ஆட்டங்கள் இலவசம்.' உள்ளே நாற்பத்தொரு ஆட்டம். எல்லாவற்றிலும் ஜெயித்தவர் எம். முனிராஜ். தோற்றவர் பெயர் தெரியாதவர்.

இது என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். மாநிலப் பெண்கள் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து நான்கு பேரை அனுப்பப் போகிறார்கள். இங்கே பெண்களுக்குப் போட்டி நடந்ததே இல்லை. அதனால் விருப்பமுள்ளவர்கள் தாங்கள் ஆடிய பத்து ஆட்டங்களை எழுதி அனுப்பலாம் என்று சதுரங்கக் கழகச் செயலாளர் பச்சியப்பன் சார் அறிவித்தார். ஆட்டங்களை எழுதிவைத்த நோட்டு உங்களிடம் இருக்கிறது. 'பார்த்துட்டுத் தர்றேன்' என்று வாங்கிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் நினைவிலிருந்தே பத்து ஆட்டங்களை டைப் அடித்து அனுப்பினேன். திங்கட்கிழமை பதில் வந்தது. கூடவே இந்தப் புத்தகம், சிவப்புப் பென்சில் கோடுகளோடு.

'நீங்கள் அனுப்பிய பத்தும் இதில் உள்ளவை. அடுத்தவர் ஆட்டத்தைத் தன் ஆட்டமாக அனுப்புவது கௌரவமல்ல.'

நான் திருடியாம்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் அண்ணன் சுபானின் வாட்ச் ரிப்பேர் கடை. வெள்ளிக்கிழமை மதியங்கள். நீங்கள் பெஞ்சில் ஒரு பலகை வைத்துக்கொண்டு, நான் திரைக்குப் பின்னால் இன்னொரு பலகை வைத்துக்கொண்டு. நடுவில் அண்ணன் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எப்போதும் எனக்கு வெள்ளை, உங்களுக்குக் கறுப்பு. நான் நகர்வைச் சொல்வேன், நீங்கள் நகர்த்துவீர்கள். நாற்பத்தொரு தடவை நீங்கள்தான் தோற்றீர்கள். எங்கள் கடை வழக்கப்படி தோற்றவர்தான் ஆட்டத்தை நோட்டில் எழுத வேண்டும். அதனால்தான் நோட்டு முழுக்க உங்கள் கையெழுத்து. பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை. எழுதினவன் தோற்றவன் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பட்டியல் செப்டம்பர் இருபதாம் தேதி சென்னைக்குப் போகிறது. அதற்குள் பச்சியப்பன் சாருக்கு இரண்டு வரி எழுதுங்கள். 'இவை ஹாஜிராவின் ஆட்டங்கள். தோற்றது நான்.' அவ்வளவு போதும்.

பதிலை வீட்டுக்குப் போடாதீர்கள். கோவிந்தம்மாள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், ஸ்டேஷன் ரோடு, பொம்மிடி என்று போடுங்கள். நான் இப்போது இங்கேதான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஹாஜிரா


பெங்களூர்
11.8.1988

தங்கை ஹாஜிராவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஆனால் நடந்தது நீ நினைப்பது மாதிரி இல்லை.

நான் இங்கே வந்து ஆறு மாதம் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் சுற்றினேன். மல்லேஸ்வரத்தில் இந்தக் கம்பெனியில் டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று போனேன். முதலாளி மேஜையில் சதுரங்கப் பலகை இருந்தது. "ஆடுவியா?" என்றார். பையில் நோட்டு இருந்தது. எடுத்துக் காட்டினேன். பத்துப் பக்கம் புரட்டினார். "இந்த வெள்ளைக் காய்க்காரன் யாரப்பா, கொல்றானே! கையெழுத்து உன்னுதுதானே?" என்றார். என்னுடையதுதான் என்றேன். அது பொய்யில்லை. எழுதினவன்தான் ஜெயித்தவன் என்று அவராக எடுத்துக்கொண்டார். எந்த ஊரிலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள், ஹாஜிரா. நான் வாயைத் திறக்கவில்லை. என் தப்பு அந்த ஒரு நிமிஷம்தான்.

அப்புறம் அது வளர்ந்துவிட்டது. வெளிநாட்டுப் பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை ஆயிரம் ஆயிரமாகக் கம்ப்யூட்டர் பிளாப்பியில் ஏற்றி விற்கிறோம். அது விற்க வேண்டுமென்றால் முதலில் சும்மா ஒன்று கொடுக்க வேண்டும். யாருடைய அனுமதியும் தேவைப்படாத ஆட்டமாக இருக்க வேண்டும். "உன் நோட்டுதான் இருக்கே, மாராய!" என்றார் முதலாளி. நான்தான் உட்கார்ந்து ஏற்றினேன்; அதையே புத்தகமாகவும் அச்சடித்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு பெட்டி வரும். வெள்ளையின் பெயர், கறுப்பின் பெயர். காலியாக விட்டால் மிஷின் அடுத்த ஆட்டத்துக்குப் போக விடாது. பின்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தார். என் பெயரை அடித்தேன். கறுப்புக்கு என்ன அடிப்பது என்று தெரியவில்லை.

இரண்டு வரி எழுதுகிறேன். கொஞ்சம் அவகாசம் கொடு. ஊரில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முனிராஜ்


பொம்மிடி
16.8.1988

முனிராஜுக்கு,

தங்கை என்று எழுதாதீர்கள். கடைக்கு வந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்குப் பெயர் இருப்பது மாதிரியே நீங்கள் பேசினதில்லை. "சுபான் பாய், யானையை எங்க வெக்கச் சொல்றாங்க?" என்றுதான் கேட்பீர்கள். அப்போதே நான் பெயர் தெரியாதவர்தான் போலிருக்கிறது.

கறுப்புக்கு என்ன அடிப்பது என்று தெரியவில்லையா? கறுப்பு நீங்கள். நாற்பத்தொரு ஆட்டத்திலும் உங்களை நீங்களே தோற்கடித்திருக்கிறீர்கள். இந்தச் சாதனை உலகத்தில் வேறு யாருக்கும் இருக்காது.

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில் மட்டும் நிஜம் இருந்தது. பெயர் உள்ளவர்களின் ஆட்டம் விலைக்கு, பெயர் இல்லாதவர்களின் ஆட்டம் சும்மா. இதைக் கோவிந்தம்மாள் அக்காவிடம் சொன்னேன். "இதுக்குப் போயி கம்ப்யூட்டர் எதுக்குடி? நம்ம பக்கம் களையெடுப்பு தொட்டு அப்படித்தானே நடக்குது" என்றார்.

எத்தனை பிளாப்பி போயிருக்கிறது? எந்தெந்த ஊருக்கு? நான் சேலத்தைத் தாண்டிப் போனதில்லை. என் ஆட்டம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவாவது ஆசை.

அண்ணனிடம் சாட்சி கேட்டுப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் பார்த்தவர். லென்ஸைக் கழற்றாமலே சொன்னார்: "கழகத்துல இருந்து என் பேருக்கு லெட்டர் வரட்டும். அம்மாவக் கூட்டிக்கிட்டு மெட்ராஸ் போயி ஆடிட்டு வா. நான் வேணாங்கல. ஆனா என் தங்கச்சி வெளியாள் பையன்கூட கடைல வெச்சு ஆடுச்சுன்னு என் வாயால நான் சொல்லமாட்டேன். நாளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு வர்றவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முள்ளை எடுத்துச் சின்னச் சக்கரத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். அவரிடம் எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. ஆகவே மிச்சம் இருக்கும் சாட்சி நீங்கள் ஒருவர்தான்.

இரண்டு வரி. நான் உங்கள் வேலையைக் கேட்கவில்லை.

ஹாஜிரா


பெங்களூர்
27.8.1988

ஹாஜிராவுக்கு,

இருநூறு பிளாப்பிக்கு மேல் போயிருக்கிறது. சென்னை, புனே, கல்கத்தா, கோட்டயம். கல்கத்தாவிலிருந்து ஒருவர் பதினோராவது ஆட்டத்தைப் பாராட்டிக் கடிதம் போட்டார். முதலாளி அதை மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். அந்த ஆட்டத்தில் நீ ராணியை வெட்டுக்குக் கொடுத்தபோது நான் சிரித்தேன். ஞாபகம் இருக்கிறதா? ஐந்து நகர்வு கழித்துச் சிரிப்பை நிறுத்தினேன்.

பச்சியப்பன் சாருக்கு எழுதிவிட்டேன். நகல் இதோ:

'மதிப்பிற்குரிய ஐயா, குமாரி ஹாஜிரா எனக்குத் தெரிந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். சதுரங்கத்தில் ஆர்வமுள்ளவர். என்னிடம் சிறிது காலம் பயிற்சி பெற்றவர். பயிற்சிக்காக என் ஆட்டங்களை மனப்பாடம் செய்திருந்ததால் குழப்பம் நேர்ந்திருக்கலாம். இதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. அவருக்கு வாய்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

இதற்கு மேல் என்னால் முடியாது. கெட்ட எண்ணம் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறேன், பார். இதனால் உனக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டால் எல்லாருக்கும் நல்லதுதானே?

என் நிலைமையையும் யோசி. அடுத்த மாதம் கண்காட்சியில் என்னைப் பலகைக்கு முன்னால் உட்கார வைக்கப் போகிறார்கள். வருகிறவர்களோடு நான் ஆட வேண்டுமாம். 'புரோகிராமில் உள்ள ஆட்டக்காரரே நேரில்.' ஊரில் அப்பாவுக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் ராகி, பெய்யாவிட்டால் என் மணியார்டர். என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். 'பையன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனில' என்ற ஒரு வார்த்தையில்தான் அந்தப் பேச்சே நிற்கிறது.

இன்னொன்று. நம் கடிதங்கள் நம்மோடு இருக்கட்டும். சுபான் பாய்க்குத் தெரிந்தால் உனக்குத்தான் கஷ்டம். உன் நல்லதுக்காகச் சொல்கிறேன்.

முனிராஜ்


பொம்மிடி
5.9.1988

முனிராஜுக்கு,

நீங்கள் என் குருவாகிவிட்டீர்கள். வாழ்த்துகள்.

சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு தர்மபுரிக்குப் போனேன். பச்சியப்பன் சார் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஸ்டாஃப் ரூமில் உட்காரச் சொன்னார். உங்கள் கடிதத்தை மேஜையில் வைத்தார்.

"உங்க மாஸ்டரே எழுதிட்டாரேம்மா. இனி நான் என்ன சொல்ல இருக்கு?"

"அவர் மாஸ்டர் இல்லைங்க சார். அவர்கிட்ட நான் ஒரு ஆட்டம்கூடத் தோத்ததில்லைங்க."

நோட்டில் தோற்றவர் எழுதும் வழக்கத்தைச் சொன்னேன். சிரித்தார். "தோத்தவன் எழுதுற ஊரு எதும்மா? நான் முப்பது வருசமா ஆடறேன். தோத்தவன் பேனாவையே தொடமாட்டான்." பக்கத்தில் இருந்த ட்ரில் மாஸ்டரும் சிரித்தார். அம்மா என் முழங்கையைப் பிடித்து, 'வா, போகலாம்' என்று இழுத்தார்.

நான் உங்கள் இலவசப் புத்தகத்தைத் திறந்தேன். ஏழாவது ஆட்டம். நான் அனுப்பிய பத்தில் இது கிடையாது.

"சார், இதுல பதினாலாவது நகர்வு பாருங்க. வெள்ளை கோட்டை கட்டுது, ராஜா மூலைப் பக்கம் போயி யானை வெளிய வருது. பதினஞ்சுல ராஜா ஒரு கட்டம் மேல ஏறுது. பதினாறுல யானை மறுபடி மூலைக்கே போகுது. மூலைக்குப் போற யானை எதுக்குங்க வெளிய வரணும்? இந்தப் பக்கம் கறுப்ப பாருங்க. யானை ஒரு கட்டம் தள்ளுது, அடுத்த நகர்வுல வந்த எடத்துக்கே திரும்புது. ராஜாவுக்கு ஆபத்து வர்ற நேரத்துல எவனாவது யானைய வாக்கிங் கூட்டிட்டுப் போவானா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பலகையை எடுத்து வைத்து அந்த இடம் வரைக்கும் ஆடிப் பார்த்தார். ட்ரில் மாஸ்டர் எழுந்து போனார்.

நான் சொன்னேன்: "நாங்க கடைல ஆடினது பழைய ஆட்டம் சார். கோட்டை கட்டறது கிடையாது. செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தரம் குதிரை மாதிரி தாவலாம். தாவல் இல்லாத பத்தைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். இதுல பதினாலாவது நகர்வுல என் ராஜா தாவுச்சு. அந்த ஒரு தாவலைத்தான் இதுல மூணு நகர்வாப் பிரிச்சிருக்காங்க. வெள்ளைக்கு ரெண்டு நகர்வு கூடிப்போச்சு. அந்த ரெண்டுக்கும் கறுப்புக்கு வேலை வேணும். அதான் யானை போயிட்டு வருது."

அவர் ராஜாவை எடுத்துக் குதிரை மாதிரி ஒரு தரம் தாவ வைத்துப் பார்த்தார். பிறகு, "எங்கப்பா இப்படித்தான் ஆடுவாரு, ராஜா குதிரைன்னு" என்றார். "சரி, உட்காரும்மா. இப்போ முறையான ஆட்டம் ஆடுவோம்."

ஆடினோம். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முப்பத்திரண்டாவது நகர்வில் சார் தன் ராஜாவைச் சாய்த்துத் தோல்வியை ஒத்துக்கொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை. மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து ஒரு பரீட்சைத் தாளில் ஆட்டத்தை அவரே எழுத ஆரம்பித்தார். முதல் நகர்விலிருந்து கடைசி வரைக்கும். நான் அழவில்லை.

"எனக்குப் புரிஞ்சு போச்சும்மா. ஆனா தேர்வுக் குழுவுல ரெண்டு பேரு, திருட்டு ஆட்டம் அனுப்பின பொண்ணுன்னு ஃபைல்ல எழுதிட்டாங்க. அதுமேல உங்க மாஸ்டர் லெட்டர் வேற. என் நம்பிக்கைய ஃபைல்ல ஒட்ட முடியாது. அந்த ஆளுக்கு நான் எழுதறேன். ஏழாவது ஆட்டத்துல யானை ஏன் போச்சு, ஏன் வந்துச்சுன்னு ஒரே கேள்வி. ஆடினவன்னா பதில் தெரியணும். அவன் கையெழுத்துல பதில் வந்தா, உன் பேரு பட்டியல்ல முதல்ல."

திரும்பும் பஸ்ஸில் அம்மா மொரப்பூர் தாண்டினதும், "அவரு வாத்தியாரு. தோத்துட்டாரே?" என்றார். அதில் பாதி பயம், பாதி வேறு என்னவோ.

அவர் கடிதம் இதற்குள் உங்களுக்கு வந்திருக்கும்.

ஹாஜிரா


பெங்களூர்
9.9.1988

ஹாஜிராவுக்கு,

வந்தது. கம்பெனி விலாசத்துக்கே வந்தது. முதலாளிதான் பிரித்தார். "என்னப்பா இது, யானை யானைன்னு?" என்றார். ரசிகர் கடிதம் என்றேன்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ராஜா தாவின இடத்தில் மிஷின் 'கீ' என்று கத்தியது. மறுபடி அடித்தேன், மறுபடி கத்தியது. 'இந்த நகர்வு கிடையாது' என்று எழுத்து வந்தது. முதலாளி திரும்பிப் பார்த்தார். உன் ராஜா எங்கே இருக்க வேண்டுமோ அங்கே கொண்டுபோய் வைக்க மூன்று நகர்வு பிடித்தது. கறுப்பு யானையை அனுப்பித் திரும்ப வரவழைத்தேன். இன்னும் எட்டு ஆட்டத்தில் இதே வேலைதான். ஏழாவதைப் புத்தகத்தில் சேர்க்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அதுதான் எல்லாவற்றிலும் அழகான ஆட்டம். விட மனசு வரவில்லை.

ஆனால் இதை அவருக்கு எப்படி எழுத முடியும்? அவர் பேசாமல் இருப்பாரா? கண்காட்சி பதினெட்டாம் தேதி.

வேறொரு வழி யோசித்தேன். அடுத்து இரண்டாவது மாதிரிப் பிளாப்பி போடப் போகிறோம். முறையான ஆட்டமாக இன்னும் இருபது எழுதி அனுப்பு. உன் பெயரிலேயே ஏற்றுகிறேன். நான் பேசினால் முதலாளி ஒத்துக்கொள்வார். இந்த வருஷம் இல்லையென்றால் அடுத்த வருஷம் மாநிலப் போட்டிக்கு அதுவே உனக்குச் சாட்சி ஆகும். அதுவும் இலவசமாகத்தான் போகும். ஆனால் பெயர் இருக்கும்.

முனிராஜ்


பொம்மிடி
12.9.1988

முனிராஜுக்கு,

இன்னும் இருபது ஆட்டம் கேட்கிறீர்கள். அதுவும் சும்மா.

அடுத்த வருஷம் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். அடுத்த வருஷம் நான் இந்த வீட்டில் இருப்பேனா, எந்த ஊரில் இருப்பேன், அங்கே பலகை வைத்துக்கொள்ள விடுவார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. வாணியம்பாடியிலிருந்து ஒரு குடும்பம் இரண்டு தடவை வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறது. அண்ணன் சொன்ன 'கழகத்து லெட்டர்' வந்தால் இந்த டிசம்பரில் மெட்ராஸ். வராவிட்டால் அதற்கப்புறம் பேச்சே இல்லை. எனக்கு இருப்பது இந்த ஒரு நகர்வுதான்.

நீங்கள் எனக்கு நிஜத்தை எழுதுகிறீர்கள். பச்சியப்பன் சாருக்குப் பொய்யை எழுதுகிறீர்கள். ஏன் என்று கண்டுபிடித்துவிட்டேன். உங்கள் மூன்று கடிதங்களும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. கடைசிக் கடிதத்தை மட்டும் பச்சியப்பன் சார் முன்னால் வைத்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் ஒரு வெளியாள் இன்ஸ்டிடியூட் விலாசத்துக்கு எனக்குக் கடிதம் போடுகிறான் என்பதும் அதோடு வெளியே வரும். குழுவுக்குத் தெரிந்தது மறுநாள் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குத் தெரியும். பட்டியலில் பெயர் வரும், வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. இது உங்களுக்குத் தெரியும். 'உன் நல்லதுக்காக' என்று எழுதினபோதே தெரிந்துதான் எழுதினீர்கள். என் வீட்டுத் திரையை நீங்கள் பெங்களூரிலிருந்தே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எனக்குக் கோபம்கூடத் தீர்ந்துவிட்டது. காலையில் பஸ், பகல் முழுக்க முப்பது மிஷின்களின் சத்தம், மாலையில் பஸ். தூங்கும்போது அந்த யானை போய்விட்டுத் திரும்பி வருகிறது.

உங்கள் வேலை போகும் என்று பயப்படுகிறீர்கள். உங்களுக்கு டைப் அடிக்கத் தெரியும், அந்த மிஷினை ஓட்டத் தெரியும். நாளைக்கே வேறு கம்பெனிக்குப் போகலாம். கண்காட்சியில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களிடம் வரிசையாகத் தோற்பதைவிட அது மேல்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தபால் அட்டை வைத்திருக்கிறேன். பச்சியப்பன் சார் விலாசத்தை டைப் அடித்துவிட்டேன். இரண்டு வரிகூட வேண்டாம். என் பெயரை எழுத வேண்டாம். நீங்கள் தோற்றதாக எழுத வேண்டாம். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். தோற்றவர்தான் எழுத வேண்டும். நாற்பத்தொரு தடவை முணுமுணுக்காமல் எழுதினீர்கள். இன்னும் ஒரு தடவை.

ஹாஜிரா


தந்தி
பொம்மிடி, 19.9.1988
பதில் கட்டணம் செலுத்தப்பட்டது

முனிராஜ், பெங்களூர்.

அட்டை இன்னும் வரவில்லை என்கிறார் பச்சியப்பன் சார். பட்டியல் உறையை நாளை மாலை ஆறு மணி வரை ஒட்டாமல் வைத்திருப்பார். கறுப்பு யானை ஏன் திரும்பி வந்தது. கையெழுத்துக்குப் பதில் தந்தியே போதும் என்கிறார். அவருக்குத் தந்தி கொடுங்கள்.

ஹாஜிரா